இருமச் சொல்லிப் பார்த்தார்களா?
கர்ப்பப்பை கீழே இறங்கியதைச் சரிசெய்யும் ஆபரேஷனுக்கு முன் எல்லோருக்கும் யூரோடைனமிக்ஸ் (சிறுநீர்ப்பைக்குள் டியூப் வைத்து அழுத்தம் அளக்கும் சோதனை) அவசியம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எல்லோருக்குமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மாவுக்கு முதலில் செய்தது எளிய சோதனைதான். சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது, இறங்கியதை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு "நல்லா இருமுங்கம்மா" என்றார் டாக்டர். அதுவரை ஒரு சொட்டுகூடக் கசியாதவருக்கு அப்போது கசிந்தது. இறங்கிய பகுதி சிறுநீர்க் குழாயை மடக்கி, கசிவை மறைத்து வைத்திருந்ததாம். செடிக்குத் தண்ணீர் விடும் டியூபை மடித்துப் பிடிப்போமே, அந்த மாதிரி. இது முன்பே தெரியாமல் போயிருந்தால், ஆபரேஷனுக்குப் பின் கசியும்போது, அதனால் வந்த வினை என்று டாக்டரைத்தான் திட்டியிருப்போம். அப்புறம், சிறுநீர் போய்விட்டு வந்தபின் பையில் எவ்வளவு தங்குகிறது என்று ஸ்கேனில் பார்த்தார்கள். முன்பே கசிவுக்கு ஆபரேஷன் ஆனவர்களுக்கு, அடக்க முடியாத அவசரமும் இருமும்போது கசிவும் கலந்து இருப்பவர்களுக்கு, டியூப் வைத்து அழுத்தம் அளப்பது சரி. டியூப் நுழையும்போது கொஞ்சம் எரியும், அதையும் எழுதியிருக்கலாம்.