ஓடியது நான், பாராட்டு அவருக்கு

ஜனவரியில் சென்னை மாரத்தான் ஓடி முடித்துவிட்டுப் படம் போட்டேன் இல்லையா, அதற்கு வந்த கமெண்டுகளை நேற்றுதான் பொறுமையாக உட்கார்ந்து படித்தேன். எல்லாருக்கும் நன்றி, நிஜமாகவே. ஆனால் அதில் பாதிக்கு மேல் "உங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்லவர்", "இப்படி ஒரு குடும்பம் அமைய கொடுத்து வெச்சிருக்கணும்", "மெடலை சாருக்குப் போடுங்க மேடம்" என்கிற ரகம். 42.195 கிலோமீட்டர் ஓடியது நான். கால் பெருவிரல் நகம் கறுத்துப்போய் இன்றைக்கோ நாளைக்கோ என்று தொங்கிக்கொண்டிருப்பது எனக்கு. சார் அன்றைக்கு ஓடியது, பார்க்கிங் கிடைக்காமல் வண்டியை எங்கேயோ போட்டுவிட்டு வந்த அரை கிலோமீட்டர்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர் நல்லவர்தான். போடுவதற்கு முன்னால் இதை அவரிடம் காட்டினேன், பார்க்கிங் வரியைப் படித்துவிட்டுச் சிரித்தார். என் பிரச்சினை வேறு. எங்கள் ஏரியா ரன்னர்ஸ் குழுவில் ஆண்கள்தான் அதிகம், பலருக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒருவருக்குக் கைக்குழந்தை. அவர் முதல் ஃபுல் மாரத்தான் முடித்தபோது "என்ன ஸ்டாமினா ப்ரோ" என்றுதான் எல்லாரும் எழுதினார்கள். ராத்திரி முழுக்கக் குழந்தை அழ அழ ஒருத்தி தூங்காமல் இருந்து இவரை மூன்று மணிக்கு எழுப்பிவிட்டிருப்பாளே, அவளைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஒரு ஆண் ஓடினால் அவருடைய உழைப்பு, ஒரு அம்மா ஓடினால் வீட்டாருடைய பெருந்தன்மை. இது எனக்கு ஒத்துவரவில்லை.

சரி, வீட்டு ஆதரவே தேவையில்லையா என்றால், அது இல்லாமல் என்னால் பத்து கிலோமீட்டர்கூடத் தாண்டியிருக்க முடியாது. ஆனால் அந்த ஆதரவு என்பது எல்லாரும் நினைக்கிற மாதிரி ஃபினிஷ் லைனில் அட்டை பிடித்துக்கொண்டு நிற்பது இல்லை. அது கடைசி நாள் கூத்து.

மாரத்தான் பயிற்சி எடுக்காதவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். நாலைந்து மாதம் ஆகும். வார நாட்களில் மூன்று நாலு நாள் காலை ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை லாங் ரன். அது பதினைந்தில் தொடங்கி இருபது, இருபத்தைந்து, முப்பது என்று ஏறும். என் வேகத்துக்கு முப்பது கிலோமீட்டர் என்றால் நாலு மணி நேரத்துக்கு மேல். சென்னையில் ஏழு மணிக்கு மேல் ரோட்டில் ஓடுவது தற்கொலை, வெயிலைவிடப் புழுக்கம், வியர்வை உடம்பிலேயே நிற்கும், காயவே காயாது. அதனால் விடிகாலை மூன்றரைக்கு ஓட ஆரம்பிக்க வேண்டும். அப்படியென்றால் சனிக்கிழமை ராத்திரி ஒன்பதுக்குள் தூங்க வேண்டும். அப்படியென்றால் ஏழரைக்கு வீட்டில் சாப்பாடு முடிந்திருக்க வேண்டும், ரிசப்ஷன் கிடையாது, சனிக்கிழமை விருந்தாளி கிடையாது. ஓடிவிட்டு வந்தால் குளித்து, சாப்பிட்டு, படுத்தால் எழுந்திருக்க மதியம் ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை அம்மா என்கிற ஆள் வீட்டில் இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் செலவிடுவது சராசரி 299 நிமிடம். ஆண்கள் 97. அதுவும் அந்த வேலையைச் செய்கிற ஆண்களுடைய சராசரி, செய்யாதவர்களை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு! நான் ஓடுகிற நேரத்தை என்னுடைய 299-லிருந்துதான் வெட்டி எடுக்க வேண்டும். ஆபீஸ் நேரத்திலிருந்து எடுக்க முடியாது. வெட்டியது யார் தலையில் போய் விழுகிறது என்பதுதான் எல்லா வீட்டிலும் உண்மையான கேள்வி.

எங்கள் வீட்டில் முதலில் அத்தை தலையில் விழுந்தது. எழுபது தாண்டியவர், மூட்டு வலி. முணுமுணுக்காமல் செய்தார் என்று எழுதினால் அவரே நம்ப மாட்டார். "ஓடி ஓடி எங்க போகப் போற, திரும்பி இங்கதான வரணும்" என்பார். டைட்ஸ் போட்டுக்கொண்டு கிளம்பினால் வாசல் லைட்டை அணைத்துவிடுவார், பக்கத்து வீட்டில் பார்த்துவிடக் கூடாதாம். (விடிகாலை மூன்றேகாலுக்கு யார் பார்க்கப் போகிறார்கள் என்று நானும் கேட்கவில்லை.) ஆனால் முந்தின நாளே சர்க்கரைவள்ளிக்கிழங்கு அவித்து வைத்திருப்பார், திரும்பி வரும்போது உப்புப் போட்ட கஞ்சி இருக்கும், திட்டும் கஞ்சியும் ஒன்றாகத்தான் வரும்.

அப்புறம் ஒரு நாள் அத்தைக்கு முட்டி வீங்கிவிட்டது, அவரால் அடுப்படியில் நிற்க முடியவில்லை. அங்கேதான் என் கணவர் உள்ளே வந்தார். அதுவரை அவர் செய்த உதவி, இருட்டில் நாய்களுக்குப் பயந்து நான் தனியாக ஓடிய நாட்களில் வண்டியில் பின்னாலேயே மெதுவாக வந்தது. அது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் சமையலறை வேறு கதை. அவருக்குத் தோசை நன்றாக ஊற்ற வரும். மாவு வேண்டுமென்றால் முந்தின நாளே அரிசியும் உளுந்தும் ஊற வேண்டும் என்பது மட்டும் அவர் கணக்கில் இல்லை. பதினெட்டாவது கிலோமீட்டரில் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடும்போது ஃபோன் அடிக்கும். "சாம்பார் பொடி எந்த டப்பா?" அடுத்து "பையனுக்கு டியூஷன் எட்டுக்கா எட்டரைக்கா?" கால் ரோட்டில் இருக்கும், தலை முழுக்க வீட்டு அடுப்பில் இருக்கும். இதையும் ஆதரவு என்றுதான் ஊர் சொல்லும், மனிதர் சமைக்கத்தானே செய்கிறார்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஃபோன் வரவில்லை. முடித்துவிட்டு வந்து பார்த்தால் எல்லாரும் சாப்பிட்டாயிற்று, தட்டு கழுவியாயிற்று, பால் தீர்ந்திருந்ததை அவரே கவனித்து வாங்கி வைத்திருந்தார். சட்னியில் உப்பு இல்லை, போகட்டும். அதற்குப் பிறகுதான் எனக்கு இருபத்தைந்துக்கு மேல் ஓட முடியும் என்ற நம்பிக்கையே வந்தது. வேலையை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதி, அந்த வேலையைப் பற்றிய நினைப்பையும் எடுத்துக்கொண்டால்தான் முழுசு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குப் பிடிக்காது. பல வீடுகளில் "என் குடும்பத்தின் ஆதரவு" என்று எழுதுகிறார்களே, அது உண்மையில் சமையல் அக்காவின் ஆதரவு. அவர் ஞாயிற்றுக்கிழமையும் வந்ததால்தான் அங்கே ஓட்டம் நடந்தது. ஆள் வைத்துக்கொள்வதைத் தப்பு என்று சொல்லவில்லை. மெடல் படத்தில் அவர் மட்டும் இல்லை என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

1966-ல் அமெரிக்காவில் பாபி கிப் என்ற பெண் பாஸ்டன் மாரத்தான் ஓட விண்ணப்பம் கேட்டு எழுதினார். பெண்களுடைய உடம்பு அந்தத் தூரத்தைத் தாங்காது என்று பதில் வந்தது. அவர் சான் டியாகோவிலிருந்து நாள் கணக்கில் பஸ்ஸில் பிரயாணம் செய்து பாஸ்டன் பக்கத்தில் இருந்த பெற்றோர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். மகளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அப்பாவுக்குக் கோபம். அம்மாதான் காரில் கொண்டுபோய் ஓட்டம் தொடங்குகிற ஊரில் இறக்கிவிட்டார். சகோதரரின் அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டு, புதருக்குள் ஒளிந்திருந்து, ஆண்கள் கொஞ்சம் ஓடிய பிறகு கூட்டத்தில் கலந்து, 3 மணி 21 நிமிடத்தில் முடித்தார் கிப். அடுத்த வருடம் கேத்ரின் ஸ்விட்சர் எண் அணிந்து ஓடியபோது அதிகாரி ஒருவர் அந்த எண்ணைப் பிய்த்தெறியப் பாய்ந்த படம் எல்லாரும் பார்த்தது, கூட ஓடிய காதலர் அந்த மனிதரை இடித்துத் தள்ளியதால் ஸ்விட்சர் தப்பினார். எனக்கு என்னவோ அந்த இடியைவிட கிப்பின் அம்மா கார் ஓட்டியதுதான் பிடித்திருக்கிறது. பின்னால் துரத்திக்கொண்டு வரவில்லை, பத்திரமா ஓடு பத்திரமா ஓடு என்று கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. கொண்டுபோய் விட்டார், திரும்பினார்.

பாஸ்டனில் பெண்களை முறைப்படி சேர்த்தது 1972-ல். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் முதன்முதலாக நடந்தது 1984-ல், லாஸ் ஏஞ்சலிஸில். அதே ஒலிம்பிக்தான், பி.டி. உஷா நூற்றில் ஒரு வினாடியில் பதக்கத்தைத் தவறவிட்டாரே, அது. நான் அப்போது பால்வாடி போய்க்கொண்டிருந்தேன். அதாவது ஒரு பெண்ணுக்கு இந்தத் தூரம் ஓட உடம்பு இருக்கிறது என்று உலகம் ஒத்துக்கொண்டதே என் ஆயுள் காலத்துக்குள்தான். இதில் நாற்பத்தாறு வயதில், இரண்டு பிரசவத்துக்குப் பிறகு ஓடக் கிளம்பினால் "இந்த வயசுல தேவையா" என்று கேட்பதில் ஆச்சரியம் என்ன.

உடம்பு என்றதும் ஒன்று. குடும்பத்தில் யாரும் பேசாதது, குழுவிலும் ஒருத்தி வாயைத் திறந்த பிறகுதான் மற்றவர்கள் பேசினோம். ஓடும்போது சிறுநீர் கசிவது. பிள்ளை பெற்ற பலருக்கு இருக்கிறது, இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்திருப்பதால் வருவது, வெட்கப்பட ஒன்றும் இல்லை. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை விடாமல் செய்ததில் எனக்கு நிறையவே குறைந்தது. அடுத்து ரத்தம். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஓடும்போது மூச்சு முட்டினால் "எனக்கெல்லாம் ஸ்டாமினா இல்லை" என்று விட்டுவிடாமல் ஹீமோகுளோபினும், உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்று காட்டுகிற ஃபெரிட்டினும் பாருங்கள். அப்புறம் கழிப்பறை. பந்தயத்தன்று வைத்திருப்பார்கள், பயிற்சி நாளில் விடிகாலை நாலரைக்கு எங்கே போவது? ஆண்களுக்கு மரம் இருக்கிறது. எங்கள் ரூட் மேப்பே பெட்ரோல் பங்குகளை வைத்துப் போட்டதுதான்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நேப்பியர் பாலத்தில் இருட்டில் கிளம்பினோம், கடற்கரைச் சாலையில் காற்று நன்றாக இருந்தது, பாதித் தூரம் வரை நான்தான் ராணி. முப்பதுக்கு மேல் எல்லாரும் சொல்கிற அந்தச் சுவர் வந்தது. உடம்பு சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து தீர்ந்துபோகிற இடம் அது, தொடை இரண்டும் யாருடையதோ மாதிரி ஆகிவிடும். அங்கே பையன் ஆரஞ்சும் உப்பும் வைத்துக்கொண்டு நின்றான். "அம்மா, இன்னும் ஒம்பதுதான், நம்ம வீட்டுல இருந்து சைதாப்பேட்டை போற தூரம்" என்றான். அந்த ரோட்டில் பஸ்ஸில் போனாலே உயிர் போகும், அடிக்கலாம் போல இருந்தது. நடந்தேன், ஓடினேன், நடந்தேன். ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் முடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "எத்தனாவதா வந்த?"

"அதெல்லாம் தெரியல அத்தை, எனக்கு முன்னாடி ஏகப்பட்ட பேர்."

"அப்புறம் எப்படி மெடல் குடுத்தாங்க?"

"முடிச்ச எல்லாருக்கும் குடுப்பாங்க."

"எல்லாருக்கும் குடுக்கறதுக்கா இப்படி ஓடின?" என்றவர் சாயங்காலம் அதே மெடலை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். என்ன சொன்னார் என்று தெரியாது. எனக்கு ஏதோ கப் கிடைத்ததாக அந்த வீட்டில் இப்போது நம்பிக்கை.

இன்பாக்ஸில் நிறைய பேர், முக்கால்வாசி அம்மாக்கள், டிரெயினிங் பிளான் கேட்டிருக்கிறீர்கள். தருகிறேன், அது ஒரு எக்செல் ஷீட், இரண்டு நிமிட வேலை. ஷூ எது, ஓடும்போது தெம்புக்குச் சாப்பிடுகிற ஜெல் எது என்றும் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று மட்டும் முடித்துவிட்டு வாருங்கள்: அடுத்த நாலு மாதம் ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் யார், அதற்குச் சனிக்கிழமை அரிசி ஊறப் போடுவது யார் என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். பதில் பெயரோடு வேண்டும். "பாத்துக்கலாம்" என்று சொன்னால் நான் ஷீட்டை அனுப்ப மாட்டேன்.