"எங்கள் கலாச்சாரம்" என்று சொல்வது யார்?

மனித உரிமை பற்றி எங்கே பேச்செடுத்தாலும், "இது மேற்கத்தியச் சரக்கு, எங்கள் வழக்கத்துக்கு ஒத்துவராது" என்று ஒரு குரல் வரும். "உரிமை உலகத்துக்கே பொது, வழக்கமாவது மண்ணாவது" என்று பதில் குரல் வரும். இரண்டுமே சோம்பேறி வாதங்கள் என்பது என் கருத்து. கலாச்சாரத்தின் பேரால் பேசுவது யார், அந்த வழக்கத்தால் அடிபடுவது யார், அடிபட்டவருக்கு அதே சமூகத்துக்குள் வாய் திறக்க இடம் இருக்கிறதா? இதைக் கேட்டுவிட்டு மேலே பேசலாம்.

முதலில் "மேற்கத்தியச் சரக்கு" கணக்கு. 1948 டிசம்பர் 10 அன்று பாரீஸில் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவு 48, எதிர்ப்பு பூஜ்யம், ஒதுங்கிக்கொண்ட நாடுகள் 8. ஒதுங்கியவர்களில் சவூதி அரேபியா உண்டு, சோவியத் அணி உண்டு, வெள்ளையர் ஆண்ட தென்னாப்பிரிக்காவும் உண்டு. எந்தக் கலாச்சாரம் இந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டுகிறது என்று யாராவது சொன்னால் தேவலை.

இரண்டே வருடத்தில் வந்தது ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை. அதன் 63-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள் (இப்போது அதன் எண் 56). காலனிகளுக்கு இந்த உரிமைகள் பொருந்துமா என்பதை ஆளும் நாடே முடிவு செய்யலாம். பொருந்தினாலும் "உள்ளூர்த் தேவைகளை" மனதில் கொண்டே அமல்படுத்த வேண்டும். "அவர்கள் வேறு மாதிரி ஆட்கள்" என்ற வாதத்தை ஒப்பந்தத்தின் எழுத்திலேயே ஏற்றிவைத்தவர்கள் காலனி எஜமானர்கள். இன்று அதே வாதத்தைக் காலனி எதிர்ப்பு என்ற பேரில் பேசுகிறவர்கள் இதை ஒருமுறையாவது யோசிக்கலாம்.

அந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டு பிரிட்டன் ஒரு வழக்கில் வாதாடியது. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே, பிரிட்டனின் பொறுப்பில் இருக்கும் ஐல் ஆஃப் மேன் தீவில், 1972-ல், பள்ளியில் ஒரு மாணவனைத் தாக்கியதற்காக 15 வயதுப் பையனுக்கு மூன்று பிரம்படி தண்டனை. காவல் நிலையத்தில் கால்சட்டையையும் உள்ளாடையையும் இறக்கச் சொல்லி, மேசைமேல் குனியவைத்து, இரண்டு போலீஸார் பிடித்துக்கொள்ள மூன்றாமவர் அடித்தார். முதல் அடியிலேயே பிரம்பின் துண்டுகள் உடைந்து விழுந்தன. தீவு மக்கள் இதை விரும்புகிறார்கள் என்பதற்கு அத்தாட்சியாக ஒரு மனுவைக் காட்டினார்கள்: வாக்காளர் பட்டியலில் இருந்த சுமார் 45,000 பேரில் 31,000 பேர் பிரம்படி நீடிக்க வேண்டும் என்று கையெழுத்திட்டிருந்தார்கள். 1978-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. மக்களின் நம்பிக்கை ஒன்று, தேவை என்பது வேறொன்று. தேவை என்றால் திட்டவட்டமாக நிரூபியுங்கள் என்றது. கலாச்சார வாதம் கிழக்கின் தனிச்சொத்து என்று நினைப்பவர்கள் இந்தத் தீர்ப்பைப் படிக்கட்டும்.

அதற்காகக் கலாச்சாரத்துக்கு இடமே இல்லை என்று அர்த்தமில்லை. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான 1966 உடன்படிக்கையில் உரிமைகள் ஒரே தரத்தில் இல்லை. சித்திரவதைக்கும் அடிமைத்தனத்துக்கும் உள்ள தடைக்கு நெருக்கடி நிலையில்கூட விலக்கு கிடையாது. பேச்சுரிமையையும் மத வழிபாட்டை வெளிப்படுத்துவதையும் கட்டுப்படுத்தலாம். ஆனால் அந்தக் கட்டுப்பாடு சட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும், உடன்படிக்கை அனுமதிக்கும் நோக்கத்துக்காக இருக்க வேண்டும், தேவைக்கு மேல் ஒரு இம்மிகூடப் போகக் கூடாது. கடைசி நிபந்தனையில்தான் அரசுகள் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.

ஓட்டை எங்கே இருக்கிறது என்றால், உடன்படிக்கையை ஏற்கும்போதே "இந்தப் பிரிவு எங்களைக் கட்டாது" என்று எழுதிக்கொடுக்கும் விலக்கில். பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் 1979 உடன்படிக்கையில் (சீடா) 16-ஆவது பிரிவு திருமணம், குடும்பம் பற்றியது. மத, வழக்கச் சட்டங்களைக் காட்டி அதிக விலக்குகள் குவிந்தவற்றில் அதுவும் ஒன்று. உடன்படிக்கையின் நோக்கத்துக்கே முரணான விலக்கு செல்லாது என்று 28-ஆவது பிரிவு சொல்கிறது. செல்லாது என்று அறிவிப்பது யார்? மற்ற நாடுகள் ஆட்சேபம் எழுதலாம், அத்தோடு சரி. சர்வதேச நீதிமன்றம் போகலாமென்றால், அதற்கு வழிசெய்யும் 29-ஆவது பிரிவுக்கே விலக்கு வாங்கிக்கொள்ளலாம்! அமெரிக்காவோ இந்த உடன்படிக்கையை இன்னும் ஏற்கவே இல்லை. ஆகவே ஒரு நாடு கையெழுத்திட்டதா என்று மட்டும் பார்க்காதீர்கள். விலக்கில் பிரிவு எண் குறிப்பிட்டிருக்கிறதா, இல்லை "எங்கள் மரபுக்கு உட்பட்டு" என்று மொத்தமாக ஒரு வரி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது வகை, ஏற்காமல் இருப்பதற்குச் சமம்.

நான் அடிக்கடி எடுத்துக்காட்டும் வழக்கு சாண்ட்ரா லவ்லேஸ் வழக்கு. கனடாவின் மலிசீட் பழங்குடிப் பெண். 1970-ல் பழங்குடி அல்லாதவரை மணந்ததும் கனடாவின் சட்டப்படி அவருடைய பழங்குடித் தகுதி பறிபோனது. அதே சமூகத்து ஆண் வெளியில் மணந்தால் தகுதி அவருக்கும் நிலைக்கும், மனைவிக்கும் கிடைக்கும். மணவாழ்க்கை முறிந்து ஊருக்குத் திரும்பியவருக்கு அங்கே வாழச் சட்ட உரிமை இல்லை. பழங்குடிச் சமூகம் மரபுப்படி தந்தைவழி என்று வாதாடியது கனடா அரசு. அதாவது ஒரு சமூகத்தின் மரபு என்ன என்று, அந்தச் சமூகத்தைக் கட்டி ஆண்ட சட்டம் முடிவு செய்கிறது!

ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குத் தனிநபர் புகார் அனுப்ப, அந்த நாடு அதற்கான விருப்ப நெறிமுறையை (1966 உடன்படிக்கையோடு வந்த தனித் துணை ஒப்பந்தம்) ஏற்றிருக்க வேண்டும். உள்நாட்டு நீதிமன்ற வழிகளை முடித்திருக்க வேண்டும். அநேகம் புகார்கள் இந்த இரண்டாவது படியில்தான் விழும். 1973-லேயே கனடா உச்ச நீதிமன்றம் இதே பிரச்சினையில் பழங்குடிப் பெண்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்திருந்ததால், பயனில்லாத வழக்கை லவ்லேஸ் போட வேண்டியிருக்கவில்லை. 1981-ல் குழு அவர் பக்கம் நின்றது. காரணம் கவனிக்க வேண்டியது: 1966 உடன்படிக்கையின் 27-ஆவது பிரிவு, தன் சமூகத்தாரோடு சேர்ந்து தன் பண்பாட்டை வாழும் உரிமை. அவருக்குக் கை கொடுத்தது பண்பாட்டு உரிமையேதான். குழுவின் கருத்தை அமல்படுத்தப் போலீஸ் கிடையாது. ஆனாலும் 1985-ல் கனடா சட்டத்தைத் திருத்தியது.

வழக்கு ஜெயிப்பது வேறு, வழக்கம் மாறுவது வேறு. சிறுமிகளின் பிறப்புறுப்பை வெட்டும் பெண்ணுறுப்புச் சிதைப்பு வழக்கத்தை நிறுத்தப் போலீஸை முன்னால் அனுப்பிய இடங்களில் சிறுமிகளை இன்னும் சின்ன வயதிலேயே, ரகசியமாக, எல்லை தாண்டிக்கூடக் கொண்டுபோனார்கள். உடல்நலக் கேட்டை மட்டும் சொல்லிப் பிரசாரம் செய்தால் அதை டாக்டரிடம் செய்துகொள்கிறார்கள். எகிப்தில் நடந்தது அதுதான். ஏனென்றால் பெற்றோரின் கவலை கல்யாணம். "என் பெண்ணுக்கு மட்டும் செய்யாவிட்டால் யார் கட்டுவார்கள்?" தனி ஒரு குடும்பம் எவ்வளவு தெளிவடைந்தாலும் இந்தக் கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை.

சீனாவில் சிறுமிகளின் பாதம் வளராதபடி இறுக்கிக் கட்டும் வழக்கத்தை எதிர்த்த சங்கங்கள் இதைச் சரியாகப் பிடித்தன. மகளுக்குக் கட்ட மாட்டோம், கட்டிய பெண்ணை மகனுக்கு எடுக்கவும் மாட்டோம் என்று இரட்டைச் சத்தியம் வாங்கினார்கள். டிங்சியன் பகுதிக் கணக்கெடுப்பின்படி 1890-க்கு முன் பிறந்த பெண்களில் 99 விழுக்காட்டினருக்குக் கட்டியிருந்தது. 1919-க்குப் பின் பிறந்தவர்களில் ஒருவருக்கும் இல்லை.

செனகலில் 1997 ஜூலையில் மாலிகுண்டா பம்பாரா என்ற ஊர் மட்டும் தனியாகச் சிதைப்பைக் கைவிடுவதாக அறிவித்தது, கண்டனம் வந்தது. வேறோர் ஊரின் பெரியவர் ஒருவர், பெண் கொடுத்து எடுக்கும் உறவு ஊர்களெல்லாம் சேராமல் இது நிற்காது என்று சொல்லி, அந்த ஊர்களுக்கு நடந்தே போய்ப் பேசினார். 1998 பிப்ரவரியில் 13 ஊர்கள் சேர்ந்து அறிவித்தன. தண்டனைச் சட்டம் 1999 ஜனவரியில்தான் வந்தது. இப்படிப்பட்ட திட்டங்களுக்கு நிதி கொடுப்பவர்கள் முதலில் கேட்டு வாங்க வேண்டியது, ஓர் ஊர் எந்தெந்த ஊர்களில் பெண் எடுக்கிறது என்ற பட்டியலை.