சுமாராகப் பாடுகிறவர்கள் பக்கம் நின்று

கலைக்கு எதற்குப் பணம், எதற்கு இடம் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், கலையை ஆதரிப்பவர்கள் உடனே பட்டியலை நீட்டுவார்கள். மன அழுத்தம் குறையும், பிள்ளைகளுக்குப் படிப்பு நன்றாக வரும், சுற்றுலா பெருகும், வயதானவர்களுக்கு மறதி தள்ளிப்போகும். இதில் பலவற்றுக்கு ஆதாரமும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஓர் அறிக்கை 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, நோய் வராமல் தடுப்பதிலும் வந்த நோயைச் சமாளிப்பதிலும் கலைகளுக்குப் பங்குண்டு என்றது. நான் மறுக்கவில்லை. ஆனாலும் இந்த வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு சங்கடம். ரத்த அழுத்தம் குறையும் என்பதற்காகவா நாம் நண்பர்களைப் பார்க்கப் போகிறோம்?

என் கட்சி வேறு. ஒரு ஊரில் எவ்வளவு உயர்ந்த கலை நடக்கிறது என்பதை வைத்து அந்த ஊருக்கும் கலைக்கும் உள்ள உறவை அளக்க முடியாது. சாதாரண ஆட்கள் எத்தனை பேர் அதில் கைவைக்கிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும். சுமாராகப் பாடுகிறவர், வசனத்தை மறக்கிறவர், கோணலாக வரைகிறவர், தாளம் தப்பி ஆடுகிறவர். இவர்கள் யாருமே இல்லாத ஊரில் தினம் ஒரு கச்சேரி நடந்தாலும் அங்கே கலை விருந்தாளியாக வந்துவிட்டுப் போகிறது, அவ்வளவுதான்.

இந்தக் கவலை இன்று நேற்று வந்ததல்ல. ஜான் பிலிப் சௌசா என்று அமெரிக்காவில் ஒரு பேண்டு இசை மேதை இருந்தார். கிராமபோன் பரவத் தொடங்கிய காலத்தில், 1906-இல், அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவின் முன்னால் போய் அதற்கு எதிராகப் பேசினார். தன் இளமையில் கோடைக்கால மாலைகளில் வீட்டுக்கு வீடு இளைஞர்கள் சேர்ந்து பாடுவார்கள் என்றும், இப்போது ராப்பகலாக இந்த இயந்திரங்களின் சத்தம்தான் கேட்கிறது என்றும் சொன்னார். பரிணாமத்தில் குரங்கின் வால் மனிதனுக்கு இல்லாமல் போனதுபோல, குரல் நாணும் ஒருநாள் காணாமல் போய்விடும் என்றும் எச்சரித்தார். (மனிதரின் சொந்த வருமானமும் அதில் அடங்கியிருந்தது. இசையமைப்பாளர்களுக்கு ஒலித்தட்டு விற்பனையில் காப்புரிமைப் பணம் வரவில்லை என்ற கோபம் அது.) குரல் நாண் போகவில்லை. கூச்சம்தான் வந்தது. முன்பு பாட்டு வேண்டுமென்றால் வீட்டில் யாராவது பாட வேண்டும், வேறு வழி கிடையாது. இப்போது உலகத்திலேயே மிக நன்றாகப் பாடுகிறவர் நம் சட்டைப்பையில் இருக்கிறார். அவரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நாம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். ரீல்ஸ் போடுகிறவர்கள் பெருகிவிட்டார்களே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது தனியாக அறைக்குள் செய்வது. நான் பேசுவது பக்கத்தில் நிற்பவர் எப்போது மூச்சு விடுகிறார் என்று கவனித்துக்கொண்டே செய்யும் காரியத்தைப் பற்றி.

அப்படிச் சேர்ந்து செய்வதில் என்னதான் நடக்கிறது? ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் சிலர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. பெரியவர்களுக்கான வகுப்புகளைப் புதிதாகத் தொடங்கினார்கள். சிலவற்றில் பாட்டு, சிலவற்றில் கைவேலை, சிலவற்றில் கதை எழுதுதல். ஏழு மாதம் தொடர்ந்து, வகுப்பில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு நெருக்கமாக உணர்கிறார்கள் என்று பார்த்தார்கள். பாட்டு வகுப்புக்காரர்கள் மட்டும் மளமளவென்று ஒட்டிக்கொண்டார்கள். ஆய்வைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஏழு மாத முடிவில் மூன்று வகை வகுப்புகளிலும் நெருக்கம் ஒரே அளவுக்கு வந்துவிட்டது என்பதுதான் அதன் மறுபாதி. ஆக, பாட்டு கூச்சத்தைச் சீக்கிரம் உடைக்கிறது. அதன் பிறகான வேலையைச் செய்வது, வாரா வாரம் அதே முகங்களைப் பார்ப்பது. சட்டி வனைந்தாலும் சரி, கதை எழுதினாலும் சரி.

இந்த வாரா வாரம் விஷயத்தைப் பொருளியல்காரர்கள் ஒரு பிரச்சினையாகப் பார்த்தார்கள். வில்லியம் பாமோல், வில்லியம் போவன் இருவரும் 1966-இல் நிகழ்த்துகலைகளின் பொருளாதாரத்தை ஆராய்ந்தபோது சொன்னது இது: மற்றத் தொழில்களில் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு உற்பத்தி என்பது வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகிறது. நால்வர் வாசிக்கும் ஓர் இசைப்படைப்புக்கோ இருநூறு வருடத்துக்கு முன்னாலும் நால்வர் வேண்டும், இன்றும் அதே நால்வர், அதே நேரம். அதனால் கலையின் செலவு மற்றவற்றோடு ஒப்பிட ஏறிக்கொண்டேதான் போகும். இதற்குச் செலவு நோய் என்றே பெயர். தொழில்முறைக் கலைஞர்களுக்கு இது நிஜமான தலைவலி, அதை லேசாகச் சொல்லிவிட மாட்டேன். ஆனால் ஊர்க்காரர்கள் சேர்ந்து செய்யும் கலையில் கதை தலைகீழ். நேரம் பிடிப்பதற்காகத்தான் அதைச் செய்வதே.

ஏதாவது ஓர் அமெச்சூர் நாடகக் குழுவின் ஒத்திகையை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பிளாஸ்டிக் நாற்காலிதான் சிம்மாசனம். தரையில் சாக்பீஸால் கிழித்த கோடுதான் வாசல், அதை ஒருவர் கவனிக்காமல் சுவர் வழியாக நடந்து போய்விடுவார், எல்லோரும் சிரிப்பார்கள். வராத ஆளின் வசனத்தை டீ கொடுக்க வந்தவர் படித்துக்கொண்டிருப்பார், சில சமயம் வந்த ஆளைவிட நன்றாகவே. பக்கவாட்டில் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவரின் குரல் மேடையில் நிற்பவரின் குரலை விட உரக்கக் கேட்கும். நான் பார்த்த ஒரு குழுவில் இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தையே கிடையாது, ஏதோ பழைய மனஸ்தாபம். நாடகத்தில் அவர்கள் அண்ணன் தம்பி. நாலாவது காட்சியில் கட்டிப்பிடித்து அழ வேண்டும். ஒவ்வொரு ஒத்திகையிலும் அழுதார்கள், முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். சமாதானம் ஆனார்களா என்று கேட்காதீர்கள், ஆகவில்லை. ஆனால் ஒருவர் இருமினால் மற்றவர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைக்கும் அளவுக்கு வந்திருந்தார்கள். ஊர் என்று ஒன்று ஓடுவதற்கு அந்த அளவு பல நேரம் போதும்.

பார்க்கிறவர், செய்கிறவர் என்ற கோட்டை அழிக்க முயன்றவர்களில் பிரேசிலின் அகஸ்டோ போவாலைச் சொல்லாமல் இருக்க முடியாது. இராணுவ ஆட்சியில் கைதாகிச் சித்திரவதைப்பட்டு நாட்டை விட்டு வெளியேறிய நாடகக்காரர். 1973-இல் பெரு நாட்டில் எழுத்தறிவுத் திட்டம் ஒன்றில் வேலை செய்தபோது நடந்ததாக அவரே சொன்ன கதை இது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண். கணவன் சில காகிதங்களைக் கொடுத்து, முக்கியமான பத்திரங்கள், பத்திரமாக வை என்கிறான். அவளும் வைத்திருக்கிறாள். பிறகுதான் தெரிகிறது, அவை அவனுடைய காதலி எழுதிய கடிதங்கள். அவன் வீட்டுக்கு வரப்போகிறான், நான் என்ன செய்ய வேண்டும் என்று போவாலின் குழுவைக் கேட்கிறாள். குழு அதை நாடகமாகப் போட்டது. முடிவை மட்டும் பார்வையாளர்களிடம் விட்டது. அவர்கள் யோசனை சொல்வார்கள், நடிகர்கள் நடித்துக் காட்டுவார்கள். மன்னிக்கட்டும், விட்டுப் போகட்டும் என்று பல யோசனைகள் வந்தன.

கூட்டத்தில் வாட்டசாட்டமான ஓர் அம்மாள். அவனிடம் தெளிவாகப் பேசிவிட்டு மன்னிக்க வேண்டும் என்றார். நடிகை தெளிவாகப் பேசினார். அம்மாளுக்குத் திருப்தி இல்லை. இன்னும் தெளிவாக என்றார். மறுபடி நடித்தார்கள். அப்போதும் இல்லை. போவால் பொறுமையிழந்து, நீங்களே வந்து காட்டுங்கள் என்றார். அம்மாள் மேடையேறினார், துடைப்பத்தை எடுத்தார், கணவனாக நடித்த அந்தப் பரிதாபமான நடிகரைப் பின்னிவிட்டார். பிறகு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, தெளிவாகப் பேசியாயிற்று, இனி போய் எனக்குச் சாப்பாடு எடுத்து வா என்றார். பார்வையாளர் தன் எண்ணத்தை நடிகர் மூலம் சொல்ல முடியாது, அவரே மேடைக்கு வர வேண்டும் என்று தனக்குப் புரிந்தது அன்றுதான் என்பார் போவால். பின்னாளில் ரியோ டி ஜெனிரோ மாநகராட்சி உறுப்பினராகி, இதே முறையில் மக்களை நடிக்க வைத்து அவர்கள் பிரச்சினைகளைச் சட்டமாக்கப் பார்த்தார். 13 சட்டங்கள் அந்த வழியில் வந்தன. எனக்கு அந்தச் சட்டங்களைவிடத் துடைப்பம்தான் பெரிதாகத் தெரிகிறது.

துக்கத்திலும் இது நடந்திருக்கிறது. எய்ட்ஸ் நோயில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் இறந்துகொண்டிருந்த காலம். உடலை ஏற்கவே மறுத்த அடக்க நிலையங்கள் இருந்தன. இறந்த காரணத்தைச் சொல்லாமல் மறைத்த குடும்பங்கள் இருந்தன. அப்போது சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியதுதான் நினைவுத் துணி. ஒருவருக்கு ஒரு துண்டு, மூன்றடிக்கு ஆறடி, ஏறக்குறைய ஒரு சவக்குழியின் அளவு. அதில் அவர் பெயரைத் தைக்க வேண்டும். ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவர்கள் உட்கார்ந்து தைத்தார்கள். இறந்தவர் போட்டிருந்த ஜீன்ஸ், கரடி பொம்மை, எழுதிய கடிதம் எல்லாம் அதில் சேர்ந்தன. 1987 அக்டோபரில் வாஷிங்டனில் விரித்தபோது 1,920 துண்டுகள். இப்போது சுமார் 50,000. தையல் பல இடங்களில் கோணல்தான். நல்ல ஓவியர் ஒருவரைக் கூப்பிட்டு நேர்த்தியாக ஒரு நினைவுச்சின்னம் வரையச் சொல்லியிருக்கலாம், அழகாகக்கூட இருந்திருக்கும். தைத்தவர்களின் கைக்கு அப்போது வேலை இருந்திருக்காது.

சேர்ந்து செய்தால் எல்லாம் நல்லது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சேர்ந்து பாடுவது எந்தக் கூட்டத்தையும் இறுக்கும், கொலைகாரக் கூட்டத்தையும் சேர்த்து. ருவாண்டாவின் புகழ்பெற்ற பாடகர் சிமோன் பிகிண்டிக்கு, இனப்படுகொலைக்கு நேரடியாகத் தூண்டினார் என்று சர்வதேசத் தீர்ப்பாயம் 2008-இல் 15 ஆண்டு சிறை விதித்தது. ஒலிபெருக்கியில் அவர் பேசிய பேச்சுக்குத்தான் தண்டனை என்றாலும், அவருடைய பாடல்கள் வெறுப்புப் பிரசாரத்துக்குப் பயன்பட்டதைத் தீர்ப்பாயம் பதிவு செய்தது. அந்தப் பாடல்களைக் கேட்டவர்களுக்கும் ஒற்றுமை உணர்ச்சி பொங்கியிருக்கும். யாரை வெளியே நிறுத்திவிட்டு நாம் கைகோக்கிறோம் என்ற கேள்வியைக் கேட்காத கூட்டுக்கலை எனக்குப் பயம் தருகிறது.

எஸ்தோனியா இன்னொரு மாதிரி. 1869-இல் தார்த்து நகரில் முதல் பாட்டுத் திருவிழா, அப்போது ஆண்கள் குழுக்கள் மட்டும். சோவியத் ஆட்சி வந்ததும் விழாவைத் தடுக்கவில்லை, தன் புகழ் பாட வைத்தது. பாடினார்கள். 1960-இல் அதே மேடையில், நிரலில் இல்லாத தாய்நாட்டுப் பாட்டு ஒன்றையும் சேர்த்துப் பாடினார்கள். 1988-இல் தலைநகர் தாலினில், விழா நடக்கும் மைதானத்தில் இரவிரவாகக் கூடித் தடைசெய்த பாட்டுகளைப் பாடினார்கள். 1991-இல் நாடு விடுதலை பெற்றது. பாட்டு மட்டுமே விடுதலை வாங்கித் தந்தது என்பது மிகை, மாஸ்கோவில் ஆட்சி ஆட்டம் கண்டிருந்தது. ஆனால் சுமார் 13 லட்சம் பேர் உள்ள நாட்டில் 30,000 பேர் ஒரே விழாவில் மேடையேறிப் பாடுகிறார்கள் என்றால், வேண்டிய நாளில் கூடுவதற்கு அவர்களுக்குத் தனியாகப் பயிற்சி தேவைப்படவில்லை.

தரம் கெட்டுவிடாதா என்று கேட்கும் நண்பர்களுக்கு: தானே பாடிப் பார்த்துச் சறுக்கியவருக்குத்தான் நல்ல பாடகர் எங்கே உயரத்தைத் தொடுகிறார் என்று தெரியும். பெரிய கலைஞர்களுக்கு இப்படிச் சறுக்கியவர்களைவிட நல்ல ரசிகர் கிடைக்க மாட்டார்கள். எனக்குக் காதே கிடையாது என்பவர்களுக்கு: சுருதி வேறுபாடு பிறவியிலேயே பிடிபடாத நிலை நிஜமாகவே உண்டு. 2017-இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று அதை நூற்றுக்கு ஒன்றரைப் பேர் என்று கணக்கிட்டது. நீங்கள் அந்த ஒன்றரையில் இருக்க வாய்ப்பு குறைவு.

கலை வளர்ச்சிக்கென்று பொதுப்பணம் ஒதுக்குகிறவர்கள் பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு விழா, ஒரு நட்சத்திரக் கலைஞர், ஒரு பெரிய மேடை, போட்டோ என்று முடித்துக்கொள்கிறார்கள். அந்தச் செலவில் ஒரு பகுதியை எடுத்து, பூட்டியே கிடக்கும் பொதுக்கூடம் ஒன்றைத் திறந்து விடலாம். மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை. விளக்கு, மின்விசிறி, ஐம்பது நாற்காலி, பெண்கள் தயங்காமல் போகக்கூடிய கழிப்பறை. சாவியை அதிகாரியிடம் வைக்காமல் பக்கத்தில் குடியிருக்கும் யாரிடமாவது கொடுத்து வைத்தால், சாவி வாங்க மனு எழுதும் வேலையாவது மிச்சமாகும்.