ஃபார்மிக் ஆசிட் வீக் ஆசிட்தான், என் பிள்ளைக்கு அந்த ஒரு மார்க்கைக் கொடுங்கள்

நேற்று ரப்பர் பாலை டிஷ்ஷில் ஊற்றி, அது உறைவதற்கு ஃபார்மிக் ஆசிட் கலக்கி வைத்துவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்தேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிற மகள் அறிவியல் விடைத்தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். கண் கலங்கியிருந்தது. "வலிமை குறைந்த அமிலத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு தருக" என்று ஒரு மார்க் கேள்வி. அவள் ஃபார்மிக் அமிலம் என்று எழுதியிருக்கிறாள். அதற்குக் குறுக்கே சிவப்பு மையில் பெருக்கல் குறி. டீச்சரிடம் போய்க் கேட்டிருக்கிறாள் பாவம், "அது கையில பட்டா வெந்து போகும்னு ரப்பர் வீட்டுப் பிள்ளை உனக்கே தெரியாதா, அது எப்படி வீக் ஆசிட் ஆகும்?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. மார்க்குக்காக மட்டும் இல்லை. நானும் பி.எஸ்சி. வேதியியல் படித்தவள், கல்யாணமாகி கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தக் குலசேகரம் பக்கத்துக்கு வந்து இத்தனை வருஷமாக அதே ஆசிட்டைத் தினமும் அளந்து ஊற்றுகிறவள். சரியாக எழுதின ஒரு பிள்ளையிடம் "நீ தப்பு" என்று சொல்லி, தப்பானதை மண்டையில் ஏற்றி அனுப்புகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வலிமை என்பது சுடுமா சுடாதா என்பது இல்லை! தண்ணீரில் போட்டால் அந்த அமிலம் எவ்வளவு பிரிந்து ஹைட்ரஜன் அயனியைக் கொடுக்கிறது என்பது மட்டும்தான். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தண்ணீரில் விட்டால் கிட்டத்தட்ட எல்லா மூலக்கூறும் பிரிந்துவிடும், அதனால் அது வலிமை மிக்கது. வினிகரில் இருக்கிற அசிட்டிக் அமிலம் அப்படி இல்லை. 0.1 மோலார் கரைசலில், அதாவது லிட்டருக்கு 0.1 மோல் (மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணுகிற அலகு) இருக்கிற கரைசலில், ஆயிரம் மூலக்கூறுக்குச் சுமார் 13தான் பிரியும், மீதி எல்லாம் முழுசாக அப்படியே கிடக்கும். ஃபார்மிக் கொஞ்சம் பரவாயில்லை, ஆயிரத்துக்கு 40 சொச்சம் பிரியும். பிஎச் பார்த்தால் (எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடுதல்) அதே 0.1 மோலாரில் ஹைட்ரோகுளோரிக் 1, ஃபார்மிக் சுமார் 2.4, அசிட்டிக் சுமார் 2.9. இவ்வளவுதான் விஷயம், இதில் கை வேகிற கதை எங்கே வந்தது?

கை வேகிறதே என்றால், ஆமாம், வேகும். நாங்கள் வாங்குகிற ஃபார்மிக் ஆசிட் 85 சதவீதம். ஒரு லிட்டரில் ஏறக்குறைய 22 மோல் இருக்கிறது. அது செறிவு, அதாவது தண்ணீரில் எவ்வளவு அமிலம் கலந்திருக்கிறது என்பது. வலிமை வேறு, செறிவு வேறு என்பது ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கிறதே, அயனியாகிற அளவை வைத்து ஒரு பிரிவு, செறிவை வைத்து இன்னொரு பிரிவு என்று தனித்தனியாகத்தானே கொடுத்திருக்கிறார்கள். வலிமை மிக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நம் எல்லார் வயிற்றிலும் நீர்த்துப்போன நிலையில்தான் சுமந்துகொண்டு திரிகிறோம். வலிமை குறைந்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ கண்ணாடியையே அரிக்கும், தோல் வழியாக உள்ளே இறங்கி உடம்பில் இருக்கிற கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு ஆளையே கொன்றுவிடும். அதையும் வீக் ஆசிட் பட்டியலில்தான் வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் தண்ணீரில் அது குறைவாகத்தான் பிரிகிறது.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். எங்கள் பக்கம் கடையில் போய் "கடுப்பத்தில் ஒரு சாயா" என்பார்கள், கொஞ்சம் உள்ளே வந்தால் "ஸ்ட்ராங்கா ஒரு டீ". இரண்டுக்கும் டிக்காஷன் கூட விடு என்றுதான் பொருள், அதாவது செறிவு. அதே ஸ்ட்ராங் என்ற சொல் வேதியியலுக்குள் வரும்போது வேறு பொருளோடு வருகிறது, அதைப் பிள்ளைகளிடம் முதல் வகுப்பிலேயே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டாமா? காரம் என்ற சொல்லும் அப்படித்தான். மிளகாய்க் காரமா சோப்புக் காரமா என்று பிள்ளைகள் முழிக்கிறார்கள். எல்லை தாண்டிக் கேரளத்தில் பாறசாலைப் பக்கம் மலையாளத்தில் படிக்கிற என் நாத்தனார் மகனுக்கு அது க்ஷாரம், அதனால் அவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. செறிவுக்கு அங்கே காடத என்கிறார்கள், நீர்த்த அமிலத்தை நேர்த்த ஆசிட் என்கிறார்கள். அமிலமும் காரமும் தண்ணீரில் எவ்வளவு பிரியும் என்பதைச் சொல்கிற அயனிச் சமநிலைப் பாடத்தை அவன் பிளஸ் ஒன்னிலேயே படித்து முடித்துவிட்டான், நம் பக்கத்தில் பிளஸ் டூவில்தான் வரும். அவனும் என் மகளும் திண்ணையில் உட்கார்ந்து பேசித்தான் இவளுக்கு இது புரிந்தது. அப்படிப் புரிந்து எழுதினதற்குத்தான் இந்தப் பெருக்கல் குறி.

அப்புறம் டியூஷனில் சொல்லிக்கொடுக்கிற குறுக்குவழிகள் இருக்கின்றனவே, அதைக் கேட்டால் வயிறு எரிகிறது. "ஹைட்ரஜன் எத்தனை இருக்குன்னு எண்ணு, நிறைய இருந்தா ஸ்ட்ராங்." அப்படியானால் மூன்று ஹைட்ரஜன் இருக்கிற பாஸ்பாரிக் அமிலம், ஒன்றே ஒன்று இருக்கிற நைட்ரிக் அமிலத்தைவிட வலிமையாக இருக்க வேண்டுமே? நைட்ரிக்தான் வலிமை மிக்கது, பாஸ்பாரிக் வலிமை குறைந்தது. அசிட்டிக் அமிலத்தில் நான்கு ஹைட்ரஜன் இருக்கிறது, கழன்று வருவது ஒன்றுதான். "ஓஎச் இருந்தா காரம்" என்று இன்னொரு சூத்திரம், ஓஎச் என்றால் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி. சாராயத்திலும் ஓஎச் இருக்கிறது, அது காரமா? ஓஎச்சே இல்லாத அம்மோனியா காரம்தானே? ரப்பர் பாலை உறைய வைத்து ஷீட் ஆக்காமல் பாலாகவே கொடுக்கிறவர்கள் அது உறைந்துவிடாமல் இருக்க அம்மோனியாதான் விடுகிறார்கள், மூக்கைப் பிடுங்கிக்கொண்டு போகிற நெடி. அதுவும் வீக்தான். வெற்றிலைக்குத் தடவுகிற நூறு இருக்கிறதே, சுண்ணாம்பு, அது வலிமை மிக்க காரம்! லிட்டருக்கு ஒன்றே முக்கால் கிராம் போலத்தான் கரையும், ஆனால் கரைந்தது பிரிந்துவிடும், அதனால்தான் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இதை அடையாளம் காண்பது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. வலிமை மிக்கவை கையளவுதான். ஹைட்ரோகுளோரிக், ஹைட்ரோபுரோமிக், ஹைட்ரோஅயோடிக், நைட்ரிக், சல்பியூரிக், பெர்குளோரிக். இந்த ஆறையும் மனசில் வைத்துக்கொண்டால் பள்ளிக்கூடத்தில் வருகிற மற்ற அமிலம் எல்லாம் வலிமை குறைந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். மோரில் இருக்கிற லாக்டிக், புளியில் இருக்கிற டார்டாரிக், எலுமிச்சையின் சிட்ரிக், எறும்பின் ஃபார்மிக், எல்லாமே. வலிமை மிக்க காரம் என்றால், தனிம அட்டவணையில் சோடியம், பொட்டாசியம் மாதிரியான முதல் தொகுதி உலோகங்களின் ஹைட்ராக்சைடும், இரண்டாம் தொகுதியில் கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் ஹைட்ராக்சைடும்தான். ஆறு பெயர் மறந்துபோனாலும், ஆக்சிஜன் உள்ள கனிம அமிலத்துக்கு ஒரு கணக்கு உண்டு, ஆக்சிஜன் எண்ணிக்கையில் ஹைட்ரஜன் எண்ணிக்கையைக் கழி, இரண்டோ அதற்கு மேலோ வந்தால் வலிமை மிக்கது. சல்பியூரிக்கில் நான்கில் இரண்டு போனால் இரண்டு. நைட்ரிக்கில் மூன்றில் ஒன்று போனால் இரண்டு. பாஸ்பாரிக்கில் நான்கில் மூன்று போனால் ஒன்று, முடிந்தது கதை. இதைச் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிஷம் ஆகுமா?

ஆய்வகத்தில் காட்டுவதும் கிடையாது. லிட்மஸை நனைத்துச் சிவப்பாகிறது பார் என்று முடித்துவிடுகிறார்கள். இரண்டு அமிலத்துக்கும் லிட்மஸ் சிவப்பாகத்தான் ஆகும்! ஒரே செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக்கையும் அசிட்டிக்கையும் இரண்டு குழாயில் எடுத்து ஒரே அளவு மெக்னீசியம் நாடாவைப் போட்டுக் காட்டுங்கள், ஒன்று பொங்கும், இன்னொன்று மெல்ல மெல்லக் குமிழி விடும், பிள்ளைகள் செத்தாலும் மறக்க மாட்டார்கள்.

பாலில் ஆசிட் விடும்போதும் நான் இதைத்தான் பார்க்கிறேன். சல்பியூரிக் விலை குறைவு என்று அதை ஊற்றுகிறவர்கள் உண்டு, சரியாகக் கழுவாவிட்டால் ஷீட் கெட்டுப்போகும். ஃபார்மிக் வலிமை குறைந்தது என்பதால்தான் பாலின் பிஎச்சைப் பதமாக இறக்கி ஒரே சீராக உறைய வைக்கிறது.

போன வருஷம் பக்கத்துத் தோட்டத்தில் புதிதாக வேலைக்கு வந்த ஒரு பையனிடம் யாரோ "ஃபார்மிக் வீக் ஆசிட்டுதான் மக்கா, ஒண்ணும் ஆவாது" என்று சொல்லியிருக்கிறார்கள். சர்பத் பாட்டிலில் ஊற்றி வைத்த 85 சதவீத ஆசிட்டைக் கையுறை இல்லாமல் தூக்கியிருக்கிறான், பாட்டிலில் ஒரு சீட்டுக்கூட ஒட்டியிருக்கவில்லை. மூடி நழுவிப் புறங்காலில் கொட்டி, தோல் வெள்ளையாகிக் கொப்பளித்துவிட்டது. நான்தான் ஓடிப்போய் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நெடுநேரம் காலைக் காட்டச் சொன்னேன். அவன் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. வீக் என்றால் ஒன்றும் ஆகாது என்று அவனுக்குச் சொன்னவர்களும், சுடுகிறது அதனால் ஸ்ட்ராங் என்று என் மகளுக்குச் சொன்னவர்களும் செய்தது ஒரே தப்புதான்.

திங்கட்கிழமை பால்வெட்டு முடிந்ததும் விடைத்தாளையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். "வேண்டாம்மா, ஒரு மார்க்குதானே" என்கிறாள் மகள். "இல்ல மக்களே, போவணும்" என்று சொல்லிவிட்டேன்.