தோற்றுப்போன வகுப்பும் தொகுப்பில் இருக்க வேண்டும்

கடந்த வாரம் நடந்த பி.எட். செய்முறைத் தேர்வில், தன் தவறை ஒப்புக்கொண்ட ஒரு பக்கத்துக்காக என் மாணவிக்கு மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். அதை விரிவாகச் சொல்லப் போவதில்லை. ஆனால் பயிற்சி வகுப்புகளின் படங்களையும் குரல் பதிவுகளையும் அவள் சேர்த்து வைத்திருக்கும் மின் கற்றல் தொகுப்பைப் பார்த்துவிட்டு, "சரியாக எடுக்காத வகுப்பை எதற்கு வைத்திருக்கிறாய், நீக்கிவிடு" என்று புறத்தேர்வாளர் சொன்னதை என்னால் விழுங்க முடியவில்லை.

அவர் நீக்கச் சொன்ன பக்கத்தில் இருந்தது ஒரு கரும்பலகையின் படம். 1/2 + 1/3 = 2/5 என்று ஆறாம் வகுப்புப் பையன் எழுதியது. அதன் கீழே, அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி அவள் பதிவு செய்த 40 வினாடிக் குரல்: "அழித்துவிட்டு நானே சரியான விடையை எழுதிவிட்டேன். ஏன் அப்படிக் கூட்டினாய் என்று அவனைக் கேட்கவே இல்லை." அடுத்த வாரப் பக்கத்தில், ஒரே அளவான இரண்டு காகிதப் பட்டைகளை அவள் ஆறாறு பாகமாக மடித்துக் காட்டியிருக்கிறாள். அதைப் பார்த்த அதே பையன், "2/5 பாதியைவிடச் சின்னது ஆச்சே டீச்சர், பாதியோட இன்னொன்னைக் கூட்டினா எப்படிக் குறையும்?" என்று கேட்டிருக்கிறான். முதல் பக்கத்தை எடுத்துவிட்டால் இரண்டாவது பக்கத்துக்கு என்ன பொருள் இருக்கிறது?

மின் கற்றல் தொகுப்பு கண்காட்சி அல்ல. ஓராண்டாக இருந்த பி.எட். படிப்பை 2014 விதிமுறைகளின் வழியே தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் (என்.சி.டி.இ.) ஈராண்டாக்கி, இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் பயிற்சி என்று வைத்திருக்கிறது. அத்தனை வாரங்களும் தடுமாறி, திரும்பிப் பார்த்து, திருத்திக்கொள்வதற்குத்தானே? நியூசிலாந்தில் 2006-இல் தொடங்கப்பட்ட மஹாரா என்ற கட்டற்ற மென்பொருள் இத்தகைய தொகுப்புக்காகவே உருவானது. மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்குச் சிந்தித்தல் என்று பொருள். அதில் எந்தப் பக்கத்தை யார் பார்க்கலாம் என்பதைத் தொகுப்புக்கு உரியவரே முடிவு செய்யலாம். நாமோ ரெக்கார்டு நோட்டை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி ஏற்றிவிட்டு, அதையே மின் தொகுப்பு என்று அழைக்கிறோம்.

என்னுடைய பி.எட். ரெக்கார்டு பழுப்பு அட்டையோடு இன்னும் வீட்டில் இருக்கிறது. 45 நிமிடப் பாடத்தை 20 நிமிடத்தில் முடித்துவிட்டு, மீதி நேரம் சுண்ணக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்ற நாளும் அதில் உண்டு. "மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்" என்று எழுதினேன். சீனியர் அக்காவின் நோட்டிலிருந்து எடுத்த வரி அது. நல்ல மதிப்பெண் கிடைத்தது. அந்த வகுப்பு ஏன் விழுந்தது என்பதை உணர எனக்கு ஆறேழு ஆண்டுகள் ஆயின.

எல்லாரிடமும் நெட் இல்லை என்பீர்கள். நியாயம்தான், கைப்பேசியில் சேமித்து வைத்துக் கல்லூரிக்கு வந்து ஏற்றட்டும். குழந்தைகளின் முகம் பொதுவெளிக்குப் போகக்கூடாது என்பதும் சரி. என் மாணவர்கள் பலகையையும் கைகளையும் மட்டுமே எடுக்கிறார்கள். கையெழுத்து ரெக்கார்டே போதும் என்பவர்களிடம் மட்டும் எனக்குப் பொறுமை இல்லை. சீனியரைப் பார்த்து எழுதிய நோட்டுகளுக்கு ஆண்டுதோறும் கையெழுத்திட்டவள் நான். அந்தக் குரலும் பையனின் கோணல் எழுத்தும் எந்த ரெக்கார்டில் வரும்?

உங்கள் மாணவி என்பதால் பேசுகிறீர்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆம், அவளுக்காகத்தான் பேசுகிறேன். தவறை மறைத்தால் மதிப்பெண், ஒப்புக்கொண்டால் குறைப்பு என்று கற்றுக்கொண்டு போகிற ஆசிரியை, நாளை ஒரு குழந்தையின் நோட்டில் தவறான விடையைப் பார்த்ததும் என்ன செய்வாள்? சிவப்பு மையால் அடிப்பாள். அந்தக் குழந்தையும் மறைக்கப் பழகும். பத்தொன்பது ஆண்டுகளாக இதைத்தானே செய்யாதீர்கள் என்று வகுப்பில் கத்திக்கொண்டிருக்கிறேன்? ஒரே நிமிடத்தில், எனக்கு முன்பாகவே, அந்த மேசையில் அதைத் துடைத்துப் போட்டார்கள். நான் அப்போது வாய் திறக்கவில்லை என்பதும் என்னை உறுத்துகிறது.

ஞாயிறு இரவு அவளிடமிருந்து செய்தி வந்தது: "மேடம், அந்தப் பக்கத்தை எடுத்துட்டேன். வேலைக்குப் போற இடத்துல பார்த்தா நல்லா இருக்காதுன்னு அண்ணன் சொன்னாங்க." தொகுப்பைத் திறந்து பார்த்தேன். காகிதப் பட்டைகள் இருக்கின்றன. பையனின் கேள்வி இருக்கிறது. அது எங்கிருந்து பிறந்தது என்பதற்கு இப்போது அதில் ஒரு தடயமும் இல்லை.