அங்கே தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் இல்லை என்று தீர்மானம் எழுத நாம் யார்?

கமிட்டிக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். சபைக்குள் எழுந்த பேச்சைச் சபைக்குள்ளேயே பேசித் தீர்க்க வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். ஆனால் அங்கே ஒரு தம்பி பேசியதைத் துண்டாக வெட்டி, களியக்காவிளையிலிருந்து வெள்ளறடை வரைக்கும் உள்ள ஜெபக்குழு வாட்ஸ்அப்புகளில் எல்லாம் சுற்றவிட்டு, அதற்குக் கீழே வரிசையாக ‘ஆமென்’ போட்டுக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் வாய் மூடி இருப்பது சரியல்ல என்று பட்டது. வீடியோவைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்களுக்கு அந்த ஒரு வரி போதும்: “காலனி ஜெபவீட்டில் இத்தனை வருஷமாகியும் கனி இல்லை என்றால், அங்கே தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இருந்தால் தேவன் அவர்களை எப்படியும் கொண்டுவருவார்.” தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் என்றால் இரட்சிப்புக்கென்று தேவன் முன்னமே தேர்ந்தெடுத்தவர்கள்; கனி என்றால் விசுவாசத்துக்கு வந்தவர்கள். அந்த வரியின் பலத்தில்தான் காலனியின் மாலை ஆராதனையும், அங்கே வீடு வீடாகப் போய்ப் போதிக்கிற ஊழியரான உபதேசியாருக்கு அந்தச் சந்திப்புக்காகக் கொடுத்துவந்த படிப்பணமும் ஒரே மூச்சில் நிறுத்தப்பட்டன.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இரட்சிக்கப்படுகிறவர்களைத் தேவன் முன்னமே குறித்திருக்கிறார் என்ற முன்குறிப்பு உபதேசத்தை நான் நம்புகிறேன். ரோமர் 8-ஆம் அதிகாரத்தையும் எபேசியர் 1-ஆம் அதிகாரத்தையும் அரைகுறையாக வாசித்துவிட்டு ஓடுகிறவன் அல்ல. உலகத்தோற்றத்துக்கு முன்னே அவர் நம்மைத் தெரிந்துகொண்டார் என்பது எனக்கு உயிரான சத்தியம். அதனால்தான் எனக்கு இத்தனை வேதனை. ஊழியம் செய்து ஓய்ந்துபோனவனைத் தூக்கி நிறுத்துவதற்காகத் தேவன் தந்த உபதேசத்தை, ஊழியம் செய்ய மனமில்லாதவன் விடுப்புக் கடிதமாகப் பயன்படுத்துகிறான். இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதையே திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

கொரிந்துவில் பவுல் பயந்துபோய் இருந்த ராத்திரியில் கர்த்தர் சொன்னது என்ன? “நீ பயப்படாமல் பேசு, மவுனமாயிராதே” என்றார். அதற்குக் காரணமாக அவர் சொன்னது: “இந்தப் பட்டணத்தில் எனக்கு அநேக ஜனங்கள் உண்டு.” அந்த ஜனங்கள் அப்போது விசுவாசிகளாக எண்ணப்பட்டிருக்கவில்லை, அவருடைய கணக்கில் மட்டுமே இருந்தார்கள். எனக்கு ஜனங்கள் உண்டு, அதனால் நீ பேசு என்று கர்த்தர் சொன்னார். எனக்கு ஜனங்கள் உண்டு, அதனால் நீ ஊருக்குப் போய் ஓய்வெடு என்று சொல்லவில்லை. பவுல் அங்கே ஒன்றரை வருஷம் தங்கிப் போதித்தார். தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காகவே எல்லாவற்றையும் சகிக்கிறேன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதியதும் அதே பவுல்தான். சிறைக்குள் இருந்துகொண்டு எழுதினார்.

அப்போஸ்தலர் 27-ஐ நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளே சொல்வார்கள். கப்பலில் 276 பேர். ஒருவருக்கும் பிராணச்சேதம் வராது என்று தேவதூதன் முன்கூட்டியே சொல்லிவிட்டான். முடிவு உறுதியாகிவிட்டது. ஆனால் கப்பலாட்கள் படகை இறக்கி நழுவப் பார்த்தபோது, “இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்” என்று பவுல் நூற்றுக்கு அதிபதியிடம் சொன்னார். முடிவைக் குறித்த தேவன் அந்த முடிவுக்குப் போகிற வழியையும் குறித்திருக்கிறார். எபேசியர் 1-ஐ ஒப்புவிக்கிறவர்கள் ஒரு பக்கம் தள்ளி 2-ஆம் அதிகாரத்தின் 10-ஆம் வசனத்தையும் வாசிக்கட்டும். நாம் நடக்க வேண்டிய நற்கிரியைகளையும் அவர் முன்னதாக ஆயத்தம்பண்ணியிருக்கிறார் என்று அங்கே இருக்கிறது. காலனிக்கு ஏறுகிற அந்த மண்பாதை அந்த ஆயத்தத்தில் சேராதா?

நம் ஊரில் இதை விளக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ரப்பர் வெட்டுக்காரர் பாலை உண்டாக்குவதில்லை, அது மரத்திலிருந்து வருகிறது. அதற்காக விடியற்காலையில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்காமல் யாரும் சிரட்டையில் பால் எடுத்ததில்லை.

முன்குறிப்பைப் போதித்த 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வினின் பெயரை அந்தத் தம்பி நான்கைந்து முறை சொன்னார். நல்லது, கால்வினிடமே போவோம். 1559-இல் அவர் முடித்துவைத்த பெரிய நூலில் முன்குறிப்பைப் பற்றிய அதிகாரங்கள் மூன்றாம் புத்தகத்தில் இருக்கின்றன. ஜெபத்தைப் பற்றிய மிக நீண்ட அதிகாரத்தை எழுதி முடித்த பிறகே அவர் அந்த விஷயத்துக்குள் நுழைகிறார். முன்குறிக்கப்பட்டவர்களின் தொகையில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று நமக்குத் தெரியாததால் எல்லாரும் இரட்சிக்கப்பட வேண்டும் என்று விரும்புகிற மனதே நமக்கு இருக்க வேண்டும் என்ற ஆதிச்சபைப் போதகர் அகுஸ்தீனின் சொல்லையும் அதே பகுதியில் எடுத்துக்காட்டுகிறார். அகுஸ்தீன் அதை யாருக்கு எழுதினார் தெரியுமா? வட ஆப்பிரிக்காவில் அத்ருமேத்தும் என்ற ஊரில் இருந்த துறவிகளுக்கு. எல்லாம் கிருபை என்றால் எங்களை ஏன் கண்டிக்கிறீர்கள், எங்களுக்காக ஜெபம் மட்டும் செய்துவிட்டுப் போங்கள் என்று அந்த மடத்தில் ஒரு பேச்சு எழுந்தது. ஏறக்குறைய 1600 வருஷத்துக்கு முன்னால் பதில் சொல்லி முடித்த கேள்வி அது. அதைத்தான் நம் கமிட்டியில் புதிய வெளிச்சம் போலக் கொண்டுவந்து வைத்தார்கள்.

1618-19-இல் நெதர்லாந்தில் கூடிய தோர்த் சபைச் சங்கம்தான், முன்குறிப்பை வலியுறுத்துகிற கால்வினியத்தின் ஐந்து குறிப்புகளுக்கு ஊற்று என்று எல்லாரும் சொல்வார்கள். நற்செய்தியின் வாக்குத்தத்தத்தை, மனந்திரும்பி விசுவாசிக்க வேண்டும் என்ற கட்டளையோடு சேர்த்து, வேறுபாடு பார்க்காமல் எல்லா ஜனங்களுக்கும் அறிவிக்க வேண்டும் என்று அந்தச் சங்கமே எழுதிவைத்திருக்கிறது. மிஷனரி வில்லியம் கேரி முன்குறிப்பை நம்பிய பாப்திஸ்து சபையைச் சேர்ந்தவர். 1793-இல் வங்காளத்துக்கு வந்தார். அவருடைய ஊழியத்தின் முதல் வங்காள விசுவாசியாகக் கிருஷ்ண பால் என்ற தச்சர் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பரில். இடைப்பட்ட அந்த ஏழு வருஷத்தில் நம் கமிட்டி போன்ற ஒன்று இங்கிலாந்தில் உட்கார்ந்து, வங்காளத்தில் கனி இல்லை, அங்கே தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் இல்லை என்று முடிவெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கேரியை அந்த வருஷங்களில் தாங்கியது அவர் நம்பிய அதே உபதேசம்தான் என்று நான் நினைக்கிறேன். கர்த்தருக்கு ஜனங்கள் உண்டு என்று நம்பாதவனால் அத்தனை காலம் நிற்க முடியாது.

“நீ ஆர்மீனியன், அதனால்தான் இப்படிப் பேசுகிறாய்” என்று ஏற்கெனவே ஒருவர் எழுதிவிட்டார். ஆர்மீனியஸ் என்பவரின் வழியில் கால்வினின் முன்குறிப்பை மறுக்கிறவர்களைத்தான் ஆர்மீனியர்கள் என்கிறார்கள். அவர்களை நான் பகைக்கவில்லை, ஆனால் நான் அப்படி அல்ல. மேலே எழுதியதை மறுபடியும் வாசியுங்கள்.

“சபையின் பிரச்சினையை முகநூலில் போடலாமா?” வீடியோவை முதலில் வெளியே விட்டவர்களிடம் அதைக் கேளுங்கள்.

“பணம் இல்லை, அதையும் யோசிக்க வேண்டும்.” யோசிக்கலாம். பணம் இல்லை என்றால் பணம் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சபை விருந்தான அசனத்தின் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் எவ்வளவு செலவாயிற்று என்று நானும் பார்த்தவன்தான், இருந்தும் அதைப் பற்றி இங்கே வாதாட வரவில்லை. குறைவை ஒத்துக்கொண்டிருந்தால் நாலு பேர் கூடிக் கொடுத்திருப்போம். கைப்பணத்தின் குறைவைத் தேவனுடைய நித்திய தீர்மானத்தின் மேல் சுமத்தினீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“நம் சந்திப்பால்தான் ஒருவன் இரட்சிக்கப்படுவான் என்றால் இரட்சிப்பு மனுஷன் கையில் வந்துவிடாதா?” இது நேர்மையான கேள்வி, இதை நான் மதிக்கிறேன். நட்டவன் பவுல், நீர்ப்பாய்ச்சினவன் அப்பொல்லோ, விளையச்செய்தவர் தேவன். இவர்கள் நடாமல் இருந்திருந்தால் தேவனுடைய கை குறுகிப்போயிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அவர் நடச் சொன்னார், அதனால் நடுகிறோம். பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள் என்று பவுல் கேட்பது ரோமர் 10-இல். தெரிந்துகொள்ளுதலைப் பற்றி அத்தனை கடினமாகப் பேசிய 9-ஆம் அதிகாரத்தின் மை காயும் முன்னே அதைக் கேட்கிறார். அந்த 9-ஆம் அதிகாரத்தையே அவர் எப்படித் தொடங்குகிறார்? மிகுந்த துக்கமும் இடைவிடாத மனவேதனையும் எனக்கு உண்டு என்று தன் ஜனத்துக்காக அழுதுகொண்டு தொடங்குகிறார். அந்த வீடியோவில் அழுத முகம் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. தேவன் ஏன் ஒருவனைத் தெரிந்துகொண்டு இன்னொருவனை விடுகிறார் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மறைவானவைகள் கர்த்தருக்கே உரியவைகள். மறைவானதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிற அதிகாரம் கமிட்டிக்கும் இல்லை.

என் அப்பா பனச்சமூட்டுக்கு மேலே தோட்டப் பகுதியில் உபதேசியாராக இருந்தார் என்பது பலருக்குத் தெரியும். மழை பெய்தால் தோட்டத்தில் வெட்டு இருக்காது, ஆட்கள் வீட்டில் இருப்பார்கள் என்பதால், மற்றவர்கள் மழைக்கு ஒதுங்குகிற நேரத்தில் அப்பா சைக்கிளை எடுப்பார். சில நாட்களில் பின்சீட்டில் நானும் இருப்பேன். ஒட்டுப்பால் வாடையடிக்கிற ஒரு திண்ணையில் வயதான வெட்டுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். “உபதேசியாரே, நான் வரமாட்டேன்னு உமக்குத் தெரியும்லா, பின்ன எதுக்கு இந்த மழையில வாறீரு?” என்று ஒருமுறை கேட்டார். “வெட்டு இருக்காது, நீரு சும்மா இருப்பீருன்னுதான் வந்தேன்” என்றார் அப்பா. அவருடைய மனைவி கட்டன் சாயா போட்டுத் தருவார். அப்பா ஒரு சங்கீதம் வாசித்து, அந்த வீட்டு ஆட்கள் பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டு இறங்குவார். அந்த மனிதர் கடைசிவரை ஜெபவீட்டின் படியேறவில்லை. அப்பாவின் அடக்கத்தன்று சாலையோரம் நின்றிருந்தார், உள்ளே வரவில்லை. அவர் தெரிந்துகொள்ளப்பட்டவரா இல்லையா என்று எனக்குத் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. அது அப்பாவின் வேலையும் அல்ல. போவதே அவருடைய வேலை, அதை அவர் செய்தார். நீங்கள் எழுதிய தீர்மானத்தின்படி பார்த்தால் என் அப்பாவின் வாழ்நாள் ஊழியத்தில் பாதிக்கு மேல் வீண்செலவு.

கனி, கனி என்கிறீர்கள். 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே தென்திருவிதாங்கூருக்குள் வந்தபோது இந்த மண்ணில் எந்தக் கனியைக் கண்டு வந்தார்? தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பிய வேதமாணிக்கம் மயிலாடியில் இருந்தார், அவரோடு சில குடும்பங்கள் இருந்தன. கோவில் தெருவில் கால்வைக்கக் கூடாதவர்கள் என்று ஊர் ஒதுக்கிவைத்த ஜனங்கள். நம் பாட்டிமாருக்கு மார்பை மூடி உடுத்த 1859-இல் அரச விளம்பரம் வர வேண்டியிருந்தது. அன்றைக்கு ஊர் மதிப்பை வைத்துப் பார்த்த யாராவது நம் முன்னோரைப் பார்த்து, இவர்கள் தெரிந்துகொள்ளப்பட்ட கூட்டம் என்று சொல்லியிருப்பார்களா? 1922-இல் எவரெஸ்ட் பயணம் முடிந்து நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்த மருத்துவர் சாமர்வெல், நெய்யூர் ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லண்டனில் கிடைக்க இருந்த வேலையை உதறி இங்கே வந்தார். அந்த வரிசையில் யார் பெயர் ஜீவபுஸ்தகத்தில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டா கத்தியைக் கையில் எடுத்தார்? நம் வீட்டுப் பெரியவர்களில் எத்தனை பேர் அந்த ஆஸ்பத்திரியில் பிழைத்தவர்கள்! இப்போது படித்து, நிலம் வாங்கி, மாடி கட்டிய பிறகு, தெரிந்துகொள்ளுதல் என்பது நம் குடும்பங்களின் சொத்துப் பத்திரம் போல ஆகிவிட்டதா?

இதை எழுதவேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிடுகிறேன். காலனிப் பிள்ளைகளும் அதே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். என் ஞாயிறு பள்ளி வகுப்பில் படித்து இப்போது கல்லூரிக்குப் போகிற ஒரு பெண்பிள்ளை அந்த வீடியோவை எனக்கு அனுப்பி, “சார், அப்போ நாங்க அதில இல்லியா?” என்று கேட்டிருந்தாள். அவளுடைய பாட்டி முழங்கால் வலியோடு ஒவ்வொரு ஞாயிறு மாலையும் வந்து, ஜெபவீட்டைப் பெருக்கி, பாய் விரித்து வைக்கிறவர். அந்தப் பாட்டியும் கனி இல்லையா? யாரை எண்ணி நீங்கள் பூஜ்யம் போட்டீர்கள்? அந்தப் பிள்ளைக்கு நான் போனில் நெடுநேரம் பேசினேன். தம்பி, நீங்கள் வேதாகமக் கல்லூரியில் படித்தவர், நான் படிக்காதவன். நீங்களே ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய், அவள் முகத்தைப் பார்த்து அந்த வரியைச் சொல்லிப்பாருங்கள். சொல்ல முடியாவிட்டால் அதைத் தேவனுடைய பெயரால் கமிட்டியிலும் சொல்லியிருக்கக் கூடாது.

தம்பியின் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. அவருக்கு வயது குறைவு, வாசிப்பு அதிகம், ஆர்வம் உண்டு. தலை நரைத்த பெரியவர்கள் அந்தப் பேச்சைக் கேட்டு, தங்களுக்கு வசதியாக இருந்ததால் தலையாட்டினார்களே, அதுதான் என் மனதைப் புண்படுத்துகிறது. அவர்களில் இரண்டு பேர் என் அப்பாவிடம் வேதபாடம் படித்தவர்கள்.

செயலருக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறேன். அடுத்த கமிட்டியில் இந்தத் தீர்மானத்தை மறுபடியும் எடுக்க வேண்டும். உபதேசியாரின் படியைக் கொடுக்கச் சபையால் ஆகாது என்றால் அதை அப்படியே பதிவுசெய்யுங்கள், அந்தத் தொகைக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். ஜெபவீட்டின் சாவியை அந்தப் பாட்டியிடம் திருப்பிக் கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ‘அவ்விடத்தில் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் காணப்படாமையால்’ என்று எழுதியிருக்கிற வரியை, எல்லாரும் பார்க்கும்படி அடித்துவிட்டு, அடித்த இடத்தில் தலைவரும் செயலரும் கையெழுத்துப் போட வேண்டும்.