நிறுவனரைத் தாண்டியும் ஆய்வுகள் உண்டு

சமூகச் சிக்கல்களைத் தீர்க்கத் தொழில் நிறுவனம் நடத்தும் சமூகத் தொழில்முனைவு பற்றிய ஆய்வுகள் நிறுவனரின் ஆளுமையையே கொண்டாடுகின்றன என்று கட்டுரையாளர் குறைகூறுவதை ஏற்கிறேன். ஆனால் அந்தப் போக்கிலிருந்து விலகிய நல்ல ஆய்வுகளைக் கட்டுரை தொடவே இல்லை. அதுதான் என் வருத்தம்.

ஏழைகளுக்குச் சிறு கடன் தரும் பொலிவியாவின் இரண்டு நுண்கடன் நிறுவனங்களை ஒப்பிட்டு ஜூலி பட்டிலானாவும் சில்வியா டொராடோவும் 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாங்கோசோல் நிறுவனம் வங்கி அனுபவம் உள்ளவர்களையும் சமூகப் பணியில் ஊறியவர்களையும் சேர்த்தே வேலைக்கு எடுத்தது. விளைவு, இரு தரப்புக்கும் இடையே கடும் பூசல். லோஸ் ஆண்டெஸ் நிறுவனமோ முன் அனுபவமற்ற இளம் பட்டதாரிகளை எடுத்துத் தானே பயிற்றுவித்தது. அங்கே அத்தகைய பிளவு பெரிதாக எழவில்லை. யாரை வேலைக்கு எடுக்கிறோம், எப்படிப் பழக்குகிறோம் என்பது லட்சியத்தின் ஆயுளையே தீர்மானிக்கிறது! நிறுவனரின் வாழ்க்கைக் கதையில் இது தென்படாது.

பலனை அளப்பதும் அவ்வளவு முக்கியம். 2006-இல் வங்கதேசத்தில் நுண்கடனைப் பரப்பிய முகமது யூனுஸும் அவர் நிறுவிய கிராமின் வங்கியும் நோபல் அமைதிப் பரிசு பெற்றபோது நுண்கடன்மீது பெரும் நம்பிக்கை பிறந்தது. ஆனால் நுண்கடனின் பலனை அளக்க இந்தியா உட்பட ஆறு நாடுகளில் நடந்த சோதனைகளின் முடிவுகள் 2015-இல் ஒன்றாக வெளிவந்தன: பலன் உண்டு, ஆனால் ஏழைகளின் வாழ்வைப் புரட்டிப்போடும் அளவுக்கு இல்லை.

மூடப்பட்ட சமூக நிறுவனங்களைப் பற்றியும் கட்டுரையாளர் எழுத வேண்டும். பிழைத்தவற்றை மட்டும் ஆராய்ந்தால், அதே வழியில் சென்று வீழ்ந்தவை கணக்கிலேயே வருவதில்லை.